மறுபடி, ஒன் பாயின்ட் ஜீரோ

இல்ல சார், வேலைக்காரப் பொண்ணு இல்ல. ஜெயந்தோட தங்கச்சி. நீலா. பரவால்ல, கையில தொடப்பத்தோட வந்து கதவத் தொறந்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது ஒரு கால் ஆடும். கார்டுல நடேசன்னு போட்டிருக்கே, தமிழா? நல்லதாப் போச்சு. தெலுங்குலயும் பேசுவேன், ஆனா கோவம் வந்தா எனக்குத் தமிழ்தான் வரும்.

சேச்சே, உங்க மேல இல்ல.

வேலைக்குச் சேர்றவன் சொன்னதெல்லாம் நெசமான்னு பாக்க கம்பெனி அனுப்பிச்சிருக்கு, அதானே? இந்தக் குகட்பள்ளி ஹவுசிங் போர்டுக்கு மாசம் நாலு பேர் வர்றாங்க உங்கள மாதிரி, கக்கத்துல ஃபைல வெச்சுகிட்டு. எதிர் வீட்டு விஸ்வநாத்துக்கு வந்தவரு பையன் தண்ணி போடுவானான்னு அவன் அம்மாகிட்டயே கேட்டாராம். நீங்களும் கேளுங்க. ஜெயந்த் பொறந்ததுலருந்து இந்த வீடுதான். அப்பா பாதுகாப்புத் துறை ஆபீஸ்ல ஸ்டோர்ஸ் பாக்கறாரு. பி.டெக் சர்டிபிகேட் ஒரிஜினல். போலீஸ் கேஸ் ஒண்ணும் கிடையாது, அதுக்கெல்லாம் தைரியம் வேணும்.

அடுத்தது என்ன, காட்டுங்க. எவ்ளோ பெரிய இங்கிலீஷ். சுருக்கமா, பயோடேட்டாவுல போட்டிருக்கற மறுபடிங்கற புரோகிராம எழுதினது இவன்தானா. ஆமா, இல்ல, ரெண்டு கட்டம்.

அம்மா மாவு அரைக்கப் போகும்போதே சொல்லிட்டுத்தான் போனாங்க. யாராச்சும் வந்து கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு, நீட்டி முழக்காதன்னு. நான் நீட்டி முழக்கத்தான் போறேன். உங்களுக்கு நேரம் இருக்குல்ல? அவன் அமீர்பேட் போயிருக்கான், ஷூ வாங்க. திங்கக்கெழம சேரணுமே. வர இன்னும் அரை மணியாவது ஆகும்.

மறுபடின்னா என்னன்னு தெரியுமா? தெரியாதா. தெரியாமயேதான் விசாரிக்க வந்தீங்களா. கோச்சுக்காதீங்க, எனக்கு வாய் இப்படித்தான். நீங்க போன் லைன்ல நெட்டு போட்டு ஒரு பெரிய ஃபைல இறக்குறீங்க. மூணு மணி நேரம் ஓடுது. முடியப்போற நேரத்துல ஹால்ல அம்மா ரிசீவர எடுத்து அத்தைக்குப் போன் போடறாங்க. லைன் போச்சு. திருப்பி மொதல்லருந்து. எங்க வீட்டுல அப்படித்தான் நடக்கும். மறுபடி இருந்தா விட்ட எடத்துலருந்து எடுத்துக்கும், கெட்டுப்போன துண்ட மட்டும் திருப்பிக் கேக்கும். அவ்ளோதான் விஷயம். யார் வேணா சும்மா எடுத்துக்கலாம், உள்ள எழுதியிருக்கறதப் பாக்கலாம், திருத்தலாம். நாப்பது நாட்டுல ஓடுது.

யாரு எழுதினதா? அதுக்குத்தானே வர்றேன்.

எனக்கு அப்ப பதினாலு வயசு. இத ஏத்தற சைட்ல அக்கவுன்ட் வேணும்னா பதினெட்டு முடிஞ்சிருக்கணும். அண்ணன் பேர்ல ஆரம்பிச்சேன். பேரக் குடுத்துட்டு அவன் கிரிக்கெட் ஆடப் போயிட்டான். மொத ரிலீஸ் விட்டேன். டியர் ஜெயந்த்னு மெயில் வந்துச்சு. நான் பதில் போட்டேன், இப்படிக்கு ஜெயந்த்னு. மூணு வருஷமா நான்தான் சார் ஜெயந்த். அதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. பொண்ணுன்னு தெரிஞ்சா வேற மாதிரி மெயிலெல்லாம் வரும்.

ரிலீஸ்னா தட்டி அனுப்பிச்சிட்டுப் போறதுன்னு நெனைக்காதீங்க. ஒரு மாசம் முன்னாடியே புதுசா எதையும் சேக்கறத நிறுத்தணும். இது ஒடையுது, அது ஒடையுதுன்னு ஆளாளுக்கு எழுதுவான், ஒவ்வொண்ணா சரி பண்ணணும். என்னென்ன மாத்தினோம்னு பட்டியல் போடணும். ஒதவி பண்ணவன் பேரெல்லாம் போடணும், ஒண்ணு விட்டுப்போனாலும் சண்டைக்கு வருவான். கடைசியா மூட்ட கட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பணும். பேனா கையெழுத்து இல்ல. ரகசியச் சாவி மாதிரி ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கும். அத வெச்சுப் போட்டா, இது இன்னார்கிட்டருந்துதான் வந்துச்சுன்னு எந்த ஊர்ல இருக்கறவனும் சரிபாத்துக்கலாம். சாவி இல்லாதவன் போட முடியாது. அந்தச் சாவியும் ஜெயந்த் பேர்லதான். செஞ்சது நான்.

பெருன்னு ஒரு நாடு இருக்குல்ல, அங்க மலை மேல ஒரு ஸ்கூல் வாத்தியார். புள்ளைங்களுக்குப் பாடமெல்லாம் மறுபடிலதான் இறக்குறாரு. அவரு ஊர் லைன் நிமிஷத்துக்கு நிமிஷம் அறுந்துபோகும். அதுக்காகவே ரெண்டு மாசம் உக்காந்தேன், இன்டர் பரீட்சை சமயத்துல, தமிழ்நாட்டுல ப்ளஸ் டூம்பீங்களே அது. கெமிஸ்ட்ரி போச்சு. அப்புறம் காலேஜ்லருந்து நானே நின்னுட்டேன். எனக்குக் கெமிஸ்ட்ரி நக்கோ, வேணவே வேணாம், அதுல வருத்தமில்ல. மாதாப்பூர்ல ஒரு கம்பெனி வாசலுக்குப் போனேன், வேலை கேட்டு. வாட்ச்மேனத் தாண்ட முடியல. டிகிரி என்னம்மான்னு அவரே இன்டர்வியூ முடிச்சிட்டாரு.

அண்ணனுக்கு டிகிரி இருந்துச்சு, பயோடேட்டாவுல போடத்தான் ஒண்ணும் இல்ல. அவன் ஃப்ரெண்ட்ஸெல்லாம் அமீர்பேட்ல காசு குடுத்து ப்ராஜெக்ட் வாங்கினாங்க. இவனுக்கு வீட்டுலயே இருந்துச்சு. கேட்டான்னு சொல்ல முடியாது, போட்டுட்டு வந்து சொன்னான். நாலு நாள் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன், எந்த வரி எதுக்குன்னு. சாவியோட ஒரு காப்பியப் பென் டிரைவ்ல போட்டு, பாஸ்வேர்டும் எழுதிக் குடுத்தேன், இன்டர்வியூல போட்டுக் காட்டச் சொன்னா முழிக்கக் கூடாதேன்னு. ஹவ், ஆமா, நானேதான் குடுத்தேன். அண்ணனாச்சே.

செலக்ட் ஆயிட்டான். வீட்டுல ஒரே மைசூர்பாகு. அப்பா மொத தடவையா என் கம்ப்யூட்டர்கிட்ட வந்து நின்னாரு. மானிட்டர் மேல தூசியத் தொடச்சிட்டு, அவன் எழுதினது இதுலதானான்னு என்னையே கேட்டாரு.

அதக்கூடப் பொறுத்துகிட்டேன் சார். போன வாரம் ஒரு காகிதம் வந்துச்சு, உங்கள அனுப்பின அதே கம்பெனிதான். சேர்ற அன்னிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். வெளில எந்தப் புரோகிராமும் எழுத மாட்டேன், எழுதினா அது கம்பெனிக்குச் சொந்தம்னு. இவன் வந்து, ஒன் பாயின்ட் ஜீரோ விட்டுட்டுக் கடையச் சாத்திடு நீலாங்கறான். குறையெல்லாம் தீந்து முழுசா வர்ற மொத பதிப்புக்குத்தான் சார் அந்த நம்பர். இதுவே கடைசி, எல்லாருக்கும் நன்றின்னு அறிவிப்பும் எழுதிட்டு வந்துட்டான். இத்தன வருஷத்துல மறுபடிக்காக அவன் எழுதினது அது ஒண்ணுதான். என் பேருக்கு மாத்திக்கறேன், நான் பாத்துக்கறேன்னு கெஞ்சினேன். சிரிச்சான். இன்டர் ஃபெயிலான பொண்ணு எழுதினதுன்னா எவன்டி இறக்குவான்னான்.

இருங்க, இன்னும் டிக் பண்ணாதீங்க.

ஒன் பாயின்ட் ஜீரோ போயிடுச்சு. இன்னிக்குக் காலைல பத்து மணிக்கு நான்தான் விட்டேன். புதுசா ஒரு சாவி செஞ்சு, நீலான்னு கையெழுத்துப் போட்டு. எழுதியவர்னு இருக்கற எடத்துலயும் நீலா. அவன் அறிவிப்பத் தூக்கிட்டு நானே நாலு வரி எழுதினேன். மொதல்லருந்து எழுதறது நான்தான், பேர்தான் அண்ணனோடது, இனிமே பேரும் என்னோடதுன்னு.

கால் மணில மொத பதில். பெரு வாத்தியார்தான். அவருக்கு அப்ப நடுராத்திரி. ஜாக்கிரதை, ஜெயந்தோட அக்கவுன்ட்ட யாரோ திருடிட்டாங்க, கையெழுத்து பழைய கையெழுத்து இல்ல, யாரும் இறக்காதீங்கன்னு எல்லாருக்கும் எழுதிட்டாரு. அவர் பண்ணது சரிதான். கையெழுத்து மாறினா நம்பாதீங்கன்னு எழுதி வெச்சதே நான்தானே.

பழைய சாவி என்கிட்டயும் இருக்கு சார். ஆமா, நீலா சொல்றது நெசம்னு ஜெயந்த் கையெழுத்துல ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். மாட்டேன்னு உக்காந்திருந்தேன். என் பேரச் சொல்றதுக்கும் அவன் பேர்ல கையெழுத்தான்னு ஒரு வீம்பு. அந்த வீம்பு எறங்கறதுக்குள்ள அமீர்பேட் பிரவுசிங் சென்டர்லருந்து அவன் மெயில் வந்துடுச்சு. அக்கவுன்ட்ட ஒடச்சிட்டாங்க, ஒன் பாயின்ட் ஜீரோவ எடுத்துட்டேன், பாஸ்வேர்டையும் மாத்திட்டேன், நீலான்னு இதுல யாரும் கெடயாதுன்னு. சாவி சரியான சாவி, அந்தப் பென் டிரைவ் எப்பவும் அவன் பர்ஸுலதான் இருக்கும். நான் சொல்லிக் குடுத்த மாதிரியே போட்டிருந்தான், ஒரு தப்பு இல்ல. நன்றி ஜெயந்த், பயந்தே போயிட்டேன்னு வாத்தியார் பதில் போட்டிருக்காரு.

அப்பத்தான் நீங்க பெல் அடிச்சீங்க.

இப்ப டிக் பண்ணுங்க. இல்லங்கற கட்டத்துல. யோசிச்சுத்தான் சொல்றேன். அவன் வேலை போயிடும், தெரியும். அம்மா என்ன பேசுவாங்கன்னும் தெரியும். நான் சொன்னேன்னே எழுதுங்க. கீழ கையெழுத்து வேணும்ல, எங்க, இங்கயா? பேனாவக் குடுங்க.

வயசா? பதினேழு. ஏப்ரல் வந்தா பதினெட்டு.

ஓ.

செல்லாதா.

சரி, டீ போடறேன், குடிச்சிட்டு இருங்க. அவன் வந்துடுவான். அவன்கிட்டயே வாங்கிக்கோங்க. அவன் கையெழுத்து எல்லா எடத்துலயும் செல்லும்.