வெர்லின் உழுத நிலம்

மானுக்குத் தீவனம் விதைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கோதுமை போல் உயர்ந்து நிற்கும் ரைப் பயிருக்குள் குளோவர் தீவனச்செடி விதையை வீசி, மழைக்கு முன்னால் உருளையைக் கையால் இழுத்துப் பயிரைப் படுக்கவைத்துவிட வேண்டும். சாய்ந்த தாள் விதையைக் காக்கும். கலப்பை வேண்டாம். மண்ணைப் புரட்டினால் உள்ளே தூங்கும் களைதான் முதலில் எழுந்து வரும். எங்கள் மிசூரிப் பக்கம் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் வெர்லின் ஒருவன்தான். என் தங்கை டோரீனின் கணவன்.

முதல் வருடம் என்னோடு நின்று விதை வீசியவன் அவன். தாளை விலக்கி, ஈரத்தில் நெளியும் மண்புழுக்களைக் காட்டினால், "மச்சான், இது நிலமில்ல, மெத்தை" என்பான். ஆகவே அவனுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், ஐயா.

ஆகஸ்டில் எனக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை. விதைப்பு தள்ளிப்போகிறதே என்று அவனிடம் புலம்பியது உண்மை. வீடு திரும்பி, ஊன்றுகோலோடு நிலத்துக்குப் போனேன். என் டிராக்டரில் இரவல் கலப்பையை மாட்டி, ஓரம் முதல் ஓரம் வரை உழுதிருந்தான். அவனும் அங்கேதான் நின்றிருந்தான்.

"மாப்ள, யாரு உன்ன உழச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீ நொண்டிக்கிட்டுக் கெடக்க, ரை தலைக்கு மேல நிக்குது. உருளைய இழுக்க நான் என்ன கழுதையா? ஒரே காலையில வேல முடிஞ்சுது. ஒரு பீர் வாங்கிக் குடு, போதும்."

"கலப்ப வைக்கக் கூடாதுன்னு நமக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சே."

"அட, மண்ணுதான மச்சான். மானுக்குத் தெரியவா போகுது?"

எவ்வளவு பொலபொலவென்று வந்திருக்கிறது பார் என்று சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு பிடி அள்ளினான். அவனை நிமிர நான் விடவில்லை. ஊன்றுகோல் அலுமினியம்தான், பல தடவை அடிக்க வேண்டியிருந்தது.

அங்கேயே புதைத்தது கோபத்தால் அல்ல. காட்டோரத்தில் இடம் இருந்தது. ஆனால் அந்த மண்ணை யாரும் தொட்டதில்லை. இது ஏற்கெனவே கெட்டுப்போனது. முட்டியை மடக்க முடியாததால் சாயங்காலம் வரை ஆயிற்று. அப்புறம் விதையை வீசி, வைக்கோல் கொண்டுவந்து மூடினேன். அவனுடைய வண்டியை ஆற்றுப் பாலத்தருகே விட்டதும் நான்தான்.

டோரீன் இப்போதும் எனக்கு பீன் சூப் கொண்டுவருகிறாள். "உன்னப் பாக்கத்தானே அண்ணே கெளம்புனாரு? யாரையாவது இழுத்துக்கிட்டு ஓடிட்டாரா? எங்கிட்ட மறைக்காத" என்று அழுகிறாள். நம்பியவன் கைவிட்டால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

வாசலில் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். நிலம் முழுவதையும் தோண்டப்போவதாக உங்கள் போலீஸ் ஆள் சொன்னார். இல்லையென்றால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். களையைத் தாண்டி குளோவர் இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது. மான்களும் திரும்ப வருகின்றன. அவன் கிழக்கு மூலையில், ஓக் மரத்துக்கு நேரே இருக்கிறான். நானே வந்து காட்டுகிறேன். மண்வெட்டியால் அந்த இடத்தை மட்டும் தோண்டுங்கள். மற்ற மண்ணைத் தொட வேண்டாம்.

வெர்லின் இருந்தால் அவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்.