திரை உறைந்த பிற்பகல்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகத்தாரே, வண்டிகளை வாசலில் நிறுத்திவிட்டுச் சீருடையோடு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும் மாமா அவர்களே, கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

நம் ஆம்புலன்ஸ் நிலையத்தின் பயிற்சித் தலைவரை, நாம் வாய் நிறைய ‘வண்டியக்கா’ என்று அழைத்த அம்மையாரை, மாமாவின் துணைவியாரை இழந்துவிட்டோம்.

வண்டிக்குள் குரல் கொடுத்து வழிகாட்டும் திரை வந்தபோது மிரண்டவர்கள் நாம். வேலை போய்விடும் என்று முணுமுணுத்தோம். யார் முதலில் கற்றார்? அக்கா. யார் நமக்குக் கற்பித்தார்? அக்கா. பயிற்சியில் நான் எதையோ தப்பாக அழுத்த, வண்டி சுடுகாட்டு வாசலில் போய் நின்றது. “நல்லவேளை, பேஷண்ட் இன்னும் ஏறல” என்றார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் பயம் போயிற்று.

திரை உயிர்களைக் காத்தது. அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் நம்மிடம் ஏதோ கரைந்துகொண்டிருப்பதை அவர்தான் முதலில் கண்டார். நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய பள்ளிக்குப் போகக்கூட ஓட்டுநர் ஒருவர் முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஒருநாளாவது திரையை அணைத்து ஓட்டிப் பழக வேண்டும் என்று அன்றே கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். நேரம் வீண் என்றது நிர்வாகம். நமக்கும் அது வசதியாக இருந்தது.

பிறகு அந்தப் பிற்பகல் வந்தது. அக்காவுக்கு நெஞ்சுவலி. நம் வண்டியே போனது. ஓட்டியவர் புதியவர் அல்ல; திரை வருவதற்கு முன்பே இந்த நகரத்தின் சந்துபொந்தெல்லாம் அறிந்திருந்தவர். பாதி வழியில் நகரமெங்கும் இணைய இணைப்பு அறுந்தது. திரை உறைந்தது. நாற்சந்தியில் வண்டி நின்றது. ஏன் நின்றது என்று உடன் வந்த மாமா கேட்டிருக்கிறார்.

“இன்னும் சொல்லலையேங்க” என்றாராம் ஓட்டுநர்.

பின்னால் ஸ்ட்ரெச்சரில் கிடந்த அக்கா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, “பதறாதப்பா. முன்னாடி என்ன தெரியுது, சொல்லு” என்றாராம். அவர் சொல்லச் சொல்ல, அக்கா வழி சொன்னார். இடது. நேராக. மறுபடி இடது. பாலத்தின் மேல் ஏறியபோது ஓட்டுநர் கேட்டதற்கு அக்காவிடமிருந்து பதில் வரவில்லை.

அந்தத் தோழர் கடைசி வரிசையில் இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். மாமாவே அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்? நேற்று நான் திரையை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பழகிய தெருக்கள்தாம். ஒரு வளைவில் கை ஸ்டீயரிங்கிலேயே நின்றுவிட்டது. காது ஒரு குரலுக்காகக் காத்திருந்தது.

நிர்வாகம் தீர்வு சொல்லியிருக்கிறது: வண்டிக்கு இரண்டாவது திரை. வையுங்கள், நன்றி. ஆனால் அக்கா கேட்டது அதுவா?

நாளைக் காலை அவர் கேட்ட பயிற்சியைத் தொடங்குகிறோம். அனுமதி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. முதல் வண்டியை நான் ஓட்டுகிறேன். வழி தவறுவேன். தவறித் தவறித்தான் மீண்டும் கற்கவேண்டும்.

இந்தக் கூட்டம் முடிவதற்குள் ஓர் அழைப்பு வரலாம். நம்மில் ஒருவர் எழுந்து ஓடுவார். அவர் கிளம்பும்போது இணைப்பு இருக்கவேண்டும் என்று இன்று நம்மால் வேண்டிக்கொள்ள மட்டுமே முடியும்.