உடம்புக்கு வெளியே ஒரு வலி

மதியம் மூன்று மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கச் சாலையில் ஈ காக்கா இல்லை. அந்த வெயிலில் ஒருத்தன் செருப்புகூடப் போடாமல் வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான்... என் சிநேகிதனுடைய மச்சான். பேய்க் கதையில் வெயிலா என்று யாரும் சிரிக்க வேண்டாம். கிட்ட வந்து உட்காருங்கள்.

மச்சானுக்கு அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் வேலை. டாக்டர் எழுதியதைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று ஃபைலில் போட வேண்டும். திடீர் வலி என்று வருகிறவர்களிடம் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் வெறும் கோட்டால் வரைந்த மனித உருவம். வலிக்கிற இடத்தில் நோயாளியே பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். இடம் தெரிந்தால்தான் எண் போட முடியும்.

ஆள் வேலையில் கில்லாடி. வீட்டில்தான் மக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு குழந்தை... பிறக்கும்போதே உயிர் இல்லை. அன்றிலிருந்து அவன் மனைவி, "வலிக்குதுங்க" என்பாள்.

"எங்கன்னு காட்டு."

அவளுக்குக் காட்டத் தெரியாது.

"இடமே தெரியலன்னா நான் என்னத்தப் பண்றது?"

பாவி, பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது! அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அது அவனுக்கும் தெரிந்தது, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அன்று காலை, இவனிடம் சொல்லாமல், அவள் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருக்கிறாள். மதியம் அவளுடைய தாள் இவன் மேஜைக்கே வந்தது.

குறி உடம்பில் இல்லை. இடது கைக்குப் பக்கத்தில்... வெறும் வெள்ளையில் இருந்தது.

தெரியாமல் போட்டுவிட்டாள் என்று நினைத்தான். ஒயிட்னரால் அழித்து, நெஞ்சில் ஒரு குறியைப் போட்டுப் பேனாவை மூடினான்.

கிறீச்... கிறீச்...

தாளில் பேனா முனை இழுபடுகிற சத்தம். அறையில் வேறு ஆள் இல்லை. குனிந்து பார்த்தான். நெஞ்சில் போட்ட குறியைக் காணோம். அதே இடது கைப் பக்கம், ஈரம் காயாத மையில் ஒரு குறி. ஒயிட்னர் வாடை போய்... பால் வாடை அடித்தது.

மறுபடி அழித்தான். மறுபடி... கிறீச்.

பிள்ளையை ஏந்துகிற இடம் அது என்று அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. ஐயோ என்று எழுந்தவன்தான், ஓட ஆரம்பித்தான்.

வீடு திறந்து கிடந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையை மடக்கி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். கையில் ஒன்றுமில்லை. "எங்க வலிக்குது" என்று இந்தத் தடவை இவன் கேட்கவில்லை. மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினான்.

"என்கிட்டயும் கொஞ்ச நேரம் குடும்மா..."

விக்கி விக்கி அழுதான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தலையத் தாங்கிப் பிடிங்க. இப்பதான் தூங்குச்சு."

வெறும் கையைத்தான் அவன் கைமேல் வைத்து எடுத்தாள். ஆனால் அவள் கையை எடுத்த பிறகும் அவன் கை கனத்தது... கதகதவென்று இருந்தது. அவன் மூச்சுகூட விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவனுடைய ஆள்காட்டி விரலை ஏதோ இறுகப் பிடித்துக்கொண்டது.