காக ராச்சியத்தின் வரைபடம்

1998.06.19, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.20. மாத்தளை பொலிஸ் நிலையம். சொல்பவர் தமிழில் சொல்ல, தமிழ் தெரிந்த சார்ஜன்ட் தமிழிலேயே பதிந்தது.

எனது பெயர் இராசலிங்கம் ஆறுமுகநாதன். வயது 43. மணமாகாதவன். அரச நில அளவைப் படவரைஞராக வேலை செய்கிறேன். அலுவிகாரையில் பதுர்தீன் என்பவரின் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன்.

கடந்த திங்கட்கிழமை நாவுலயில் வேலை முடித்து பஸ்ஸில் திரும்பும்போது சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டேன். எனது பையிலிருந்து ஒரு வரைபடம் எடுக்கப்பட்டது. மாத்தளை நகரமும் சுற்றியுள்ள மலைகளும் அதில் இருந்தன. தண்ணீர்த் தாங்கியில் "காவல் 1" என்றும், பஸ் நிலையத்தில் "காவல் 2" என்றும், ஓர் அம்புக்குறியின் பக்கத்தில் "படை வரும் வழி" என்றும், சந்தையில் "வடை இங்கே" என்றும் எழுதியிருந்தது. எழுத்து என்னுடையதே.

அது நான் எழுதிவரும் நாவலுக்காக வரைந்தது. பாட்டி வடை சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும். எனது நாவலில் அந்தப் பாட்டி நாடிழந்த அரசி. காகம் கள்ளன் அல்ல, அவளுடைய தளபதி. நரி ஏமாற்றி எடுத்துக்கொண்ட மந்திர வடையை மீட்கக் காகங்கள் நரியின் நகரத்தின் மீது படையெடுக்கின்றன. இல்லாத நாட்டுக்கு இல்லாத மலைகளை வரையத்தான் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடமாக அளந்ததை மட்டுமே வரைந்த கைக்குப் பொய்யாக ஒரு சமவுயரக் கோடு போட வரவில்லை. ஆகவே தெரிந்த மலைகளையே போட்டேன். அதன் பின்னர் பழக்கத்தில் வடக்குக் குறியும் அளவுத்திட்டமும் சேர்த்தேன். யுத்த காலத்தில் இது புத்தி கெட்ட வேலை.

அதன் பின்னர் இங்கு கொண்டுவரப்பட்டு, வடை என்பது எதற்கு வைத்த பெயர் என்று கேட்கப்பட்டேன். வடை வடைதான் என்றேன். அந்தப் பதில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மேல் விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பப்படுவேன் என்று சொல்லப்பட்டது. அப்படிப் போன இருவரை எனக்குத் தெரியும். ஒருவர் இன்னும் திரும்பவில்லை. மிகவும் பயந்தேன். நாவலை வேறு யாரும் படித்தார்களா என்று கேட்டபோது, ஒருவரும் இல்லை என்று எனது முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அது பொய். அதைத் திருத்தவே இப்போது பேசுகிறேன்.

பதுர்தீனின் தங்கை றம்லா, பாடசாலை ஆசிரியை. நாவலை எழுதும் ஒவ்வொரு கொப்பியும் முடிந்ததும் அவருக்காகக் கடையில் கொடுப்பேன். பத்து நாளில் அது கடை வழியாகவே திரும்பி வரும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், பிள்ளைகளின் வீட்டுவேலைக்குப் போடுவதுபோல், சிவப்பு மையில் திகதியும் கையொப்பமும் இருக்கும். இரண்டு வருடத்தில் அவரும் நானும் நேராகப் பேசியது பத்துத் தடவை இருக்காது.

நேற்று அவர் யாரும் அழைக்காமலே எனது அறையிலிருந்த பதினொரு கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு இங்கு வந்தார். அவற்றை எரித்திருக்கலாம். அடுத்தவர் வம்பு வேண்டாம் என்று பதுர்தீன் தடுத்ததாகவும், தங்கை கேட்காமல் கிளம்பியதும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்ததாகவும் பிறகு அறிந்தேன். என்னையும் வரவழைத்த பின்னர், றம்லா தங்களிடம் சொன்னது தங்களுக்கே நினைவிருக்கும்.

"சேர், இதுல சிவப்பா இருக்கிற கையெழுத்து எல்லாம் என்னோடதுங்க. இவர் செஞ்சது குத்தம்னா என்னையும் சேர்த்து எழுதிக்கோங்க."

அதன் பின்னர் கொப்பிகள் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டன. நான்காவதில், "வாய் திறந்தால் வடை விழும். நீங்கள் காகத்தைப் பன்னிரண்டு பக்கம் பேச விட்டிருக்கிறீர்கள்" என்று டீச்சர் எழுதியிருந்ததைத் தாங்கள் சிங்களத்தில் சொன்னபோது பொறுப்பதிகாரி சிரித்தார். வரைபடத்தையும் உள்ளே வைத்துக் கொடுத்திருந்த பதினோராவதில், மே மாதத் திகதியுடன், "படம் நம் ஊரைப் போலவே இருக்கிறது. மலைகளை மாற்றுங்கள், காலம் சரியில்லை" என்று இருந்தது. அதை நான் அன்றே படித்தேன். ஒரு டீச்சர் படவரைஞனுக்கு மலை சொல்லித் தருவதா என்ற வீம்பில் மாற்றவில்லை. அந்த வரியைப் பொறுப்பதிகாரி இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அதன் பின்னர் கொழும்புக்கு அனுப்பும் கடிதம் எனது வழக்குக் கோவையிலிருந்து நீக்கப்பட்டது.

இன்று அண்ணனும் தங்கையும் எனக்காகப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டு என்னை அழைத்துப்போக வந்திருக்கிறார்கள். காலை ஆறு மணி முதல் வெளியே வாங்குப் பலகையில் இடியாப்பப் பார்சலுடன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எந்தக் காலத்திலும் நன்றியுடையவன் என்பதையும் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

றம்லா எனக்கு என்ன முறை என்று கேட்கப்பட்டது. முறை எதுவும் இல்லை, எனது கதையைப் படிப்பவர் என்று சொன்னேன். அப்படியான ஒருவர் எனக்கு இருக்கிறார் என்பதை நேற்றுத்தான் முழுதாக அறிந்தேன்.

கொப்பிகளில் நான் எழுதியவை அனைத்தும் கற்பனை. இத்தாளில் உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நடந்தவாறே உள்ளன. மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

(ஒப்பம்) இ. ஆறுமுகநாதன்