தாம்பாளத்தில் விட்ட சாவி

கோப்பெங் முதல் ஈப்போ வரை எங்கள் உயிரைக் கையில் ஏந்திச் சென்ற காவலரே! கொட்டும் மழையிலும் குண்டும் குழியிலும் குலையாத குணக்குன்றே! எங்கள் தொழிற்சாலைப் பேருந்தின் தனிப்பெருந் தளபதியே! உடையப்பன் அண்ணே, வணக்கம்!

ரப்பர் தோட்ட லாரியில் தொடங்கி, தோட்டம் கைமாறியபின் தொழிற்சாலைப் பேருந்தில் தொடர்ந்த உங்கள் தொண்டில், ஒரு கோழிக்குஞ்சுகூட உங்கள் சக்கரத்தில் அடிபட்டதில்லை. ஈப்போ புந்தோங்கில் பிள்ளைகள் சாலையைக் கடந்து முடிக்கும்வரை, பின்னால் எத்தனை பேர் ஹார்ன் அடித்தாலும் அசையாத பொறுமையாளர் நீங்கள்! எங்கள் தோழி அம்பிகை நிறைமாதத்தில் ஏறியபோது, மேடுபள்ளமெல்லாம் பஞ்சு மெத்தையானதே!

இங்கே கூடியிருக்கும் கண்ணுகளா, இவற்றையெல்லாம் மிஞ்சிய பெருமை ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடல்.

அண்ணே, சென்ற ஆண்டு ஒரு காலையில், சிம்பாங் பூலாய் சந்தியில் நேரே ஈப்போவுக்குப் போகாமல், என்றோ விற்றுப்போன தோட்டத்துப் பாதையில் பேருந்தைத் திருப்பிவிட்டீர்கள். "அண்ணே, இன்னிக்கு பால்மரம் வெட்டப் போறோமா லா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

பிறகு ஆயுத பூசை வந்தது. பேருந்துக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். தாம்பாளத்தில் குங்குமத்தோடு இருந்த சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினீர்கள். முன்னால் நகரவேண்டிய பேருந்து பின்னால் பாய்ந்தது. அங்கே சூடத்தட்டோடு நின்ற எங்கள் தோழி பாப்பா மயிரிழையில் தப்பினாள்.

"எலுமிச்சம்பழத்துக்கே பயந்துட்டாரு லா நம்ம அண்ணே!" என்று மெக்கானிக் சீனி சிரித்தார். நீங்களோ இறங்கி வந்து, சாவியை மறுபடியும் தாம்பாளத்தில் வைத்தீர்கள்.

"இனிமே இத நான் எடுக்கமாட்டேன்."

"என்னாண்ணே இது! ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாளுதானே இருக்கு? நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்லிக்கிட்டு வாரேன்."

"வழிய நீ சொல்லுவே, சீனி. எந்த மிதிகட்டை பிரேக்குன்னு எங்காலு மறந்துட்டா, அதுக்கு யாருடா சொல்றது? பின்னால நின்னது உம் பொண்டாட்டி பாப்பாடா!"

சீனியின் சிரிப்பு அங்கேயே நின்றது.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனீர்கள். மறதி நோய் என்று சொன்ன யாழ்ப்பாணத்து டாக்டர் ஸ்கந்தராஜா, துணைக்கு வந்த சீனியிடம் சொன்னாராம்: "வயசான டிரைவர்மாரைப் பிள்ளையள் இழுத்துக்கொண்டு வருவினம். சாவியப் பறிக்க வீட்டில சண்டையே நடக்கும். நான் சொல்ல முன்னமே சாவிய வச்சிட்டு வந்தது இந்த மனுசன்தான்!"

கேட்டீர்களா! வண்டி ஓட்டும் திறமை பலருக்கு உண்டு. நிறுத்தும் நெஞ்சுரம் எங்கள் அண்ணனுக்கே உண்டு!

அண்ணே, இந்த மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். வாசலுக்கு எதிரே மாட்டுங்கள். இது யாரைப் பற்றியது என்று நீங்கள் கேட்கும் ஒரு நாள் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் உரக்க வாசித்து, "ஒங்களப் பத்திதான்" என்று சொல்லட்டும்.

பேருந்தின் முன்னிருக்கை என்றும் உங்களுக்கே. இறங்கும் இடத்தை நாங்கள் சொல்கிறோம். எங்கள் பெயர்கள் மறந்தாலும் குறையில்லை, அண்ணே! நாங்கள் எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.

நோவின்றி, நிழலும் நிம்மதியுமாய் நெடுநாள் வாழ்க!

உங்கள் பேருந்தில் வந்த பிள்ளைகளும் பணித்தோழர்களும்,
அவர்களுக்காக எழுதி வாசித்த கேண்டீன் முத்தம்மா
ஈப்போ, மலேசியா, 1984