பின்சுவர்க் கண்ணாடி

– நீ கடையை விக்கப் போறன்னு ஊர்ல இருக்கறவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நான் உன் கூடப்பிறந்தவ தானே?

– தலையை ஆட்டாதக்கா. கத்தி கையில இருக்கு.

– கத்தியைப் பிடிச்சுக்கிட்டே பதில் சொல்லு. யாரு வாங்குறது?

– எதிர்ல செருப்புக்கடை வெச்சிருக்காரே, அவர்தான். நாளைக்குக் காலைல கையெழுத்து.

– நாளைக்கேவா? லீவு நாளுன்னு ஷட்டரை இறக்கிட்டு, எனக்குத் தலை வழிக்கிற நேரத்துல கூட நீயா வாயைத் திறக்கல. பதினெட்டு வருஷம் நீ நின்னு முடி வெட்டின கடைடா இது.

– அதான்க்கா. நின்னு நின்னே முட்டி போயிடுச்சு.

– போன வாரம் என் வீட்டு மாடிக்கு ரெண்டு ரெண்டு படியாத் தாவி வந்தியே, அது யாரு முட்டி?

– அது போன வாரம்.

– நல்லாப் பேசுற. சரி, கடையை வித்துட்டு என்ன பண்ணுவ? பல்பு மாத்தணும்னா கூட பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுற ஆளு நீ.

– ஒரு குடோன்ல ஆள் கேக்குறாங்க. பெட்டியை அடுக்குற வேலை. நாம யார் முகத்தையும் பாக்க வேணாம், நம்மளையும் யாரும் பாக்க மாட்டாங்க.

– வாய் ஓயாத ஆளு நீ. ஒரே வாரத்துல அட்டைப்பெட்டிகிட்ட குசலம் விசாரிச்சுக்கிட்டு நிப்ப.

– காதைக் கொஞ்சம் மடக்கிக்க. அக்கா, ஒண்ணு கேக்கவா? முதல் தடவை விக் இல்லாம கார்ல உக்காந்து ஓட்டச் சொல்லிக் குடுத்தியே, எப்படிக்கா மனசு வந்துச்சு?

– மனசு எங்க வந்துச்சு? அன்னைக்கு ஓட்டக் கத்துக்க வந்தவர் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். ரோட்டுல ஒரு பந்து உருண்டு வந்துச்சு. மனுஷன் போட்டாரு பாரு ஒரு பிரேக்கு, என் விக் இறங்கி கண்ணு மேல உக்காந்துடுச்சு. ஒரே இருட்டு. ஏற்கெனவே புழுக்கம், அரிப்பு, எல்லாம் சேர்ந்து வந்துச்சு எனக்கு. கழட்டிப் பின்சீட்டுல போட்டுட்டு, "ம், கண்ணாடியைப் பாத்துட்டு வண்டியை எடுங்க"ன்னேன்.

– அவர் என்ன பண்ணாரு?

– கண்ணாடியைப் பாத்துட்டு வண்டியை எடுத்தாரு. அரை மணி கழிச்சு இறங்குறப்பதான் கேட்டாரு. "மேடம், அது பின்னாடி தனியா இருக்கே, பெல்ட் போட்டுவிடட்டுமா?"

– ஐயோ அக்கா. சிரிக்க வைக்காத, கத்தி வழுக்கிடும்.

– நானும் அன்னைக்குத்தான் அவ்வளவு சிரிச்சேன். அதுக்கப்புறம் அது பெட்டியிலதான் கிடக்கு.

– நீ வேற மாதிரிக்கா. அன்னைக்கு ஒருத்தர் இந்த நாற்காலில உக்காந்துக்கிட்டு, "என் பொண்ணு ஓட்டினா அந்த மொட்டை மேடம்கிட்டதான் கத்துக்குவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா"ன்னாரு. அவங்க என் அக்கான்னு சொன்னேன். சொன்ன சந்தோஷத்துல அவர் மீசையில ஒரு பக்கம் குறைச்சுட்டேன்.

– பாவம் மனுஷன்.

– சத்தியமாச் சொல்றேன், உன்னை நெனச்சா எனக்கு அவ்வளவு பெருமை. உனக்கிருக்கிற தைரியத்துல கால்வாசி எனக்கு இருந்தாப் போதும்.

– தைரியமாவது. குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே முடி வேரைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறான்னு டாக்டர் சொன்னப்ப, அந்தக் காவல்காரன் மேல எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே.

– முடி கொட்டின வட்டம் சின்னதா இருக்கறப்பவே போய் ஊசி போட்டா, எல்லாருக்கும் வளந்துடுமாக்கா?

– எல்லாருக்கும்னா?

– பொதுவாக் கேட்டேன்.

– சிலருக்கு வளரும். சிலருக்கு வளந்து திரும்பக் கொட்டும். என்னை மாதிரி மொத்தமாப் போறதும் உண்டு. சீக்கிரம் காட்டினா நல்லதுன்னுதான் சொல்றாங்க.

– உன்னைச் சீக்கிரம் டாக்டர்கிட்ட போக விடாம நான்தானே கெடுத்தேன். உன் பிடரில காசு அளவு வட்டத்தை முதல்ல பாத்தவனே நான். முடி வெட்டுற மெஷின்ல மாட்டுற சீப்பு நழுவி நானே வழிச்சுட்டேன்னு பயந்து, புருவப் பென்சிலால பூசி மறைச்சேன்.

– பூசினதோட விட்டியா? தலைக்குக் குளிச்சா போயிடும்னு, வாராவாரம் வீட்டுக்கு வந்து "பின்னாடி கோணலா இருக்கு, சரி பண்றேன்"னு திரும்பத் திரும்பப் பூசின. தலையணை உறை கருத்துப் போய்த்தான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது.

– ரெண்டு மாசம்க்கா.

– முடி போனதுக்கு உன்மேல எனக்குக் கோவமே இல்ல. என்கிட்ட மறைச்சதுக்குத்தான் ஒரு வாரம் பேசல.

– அஞ்சு வாரம்.

– சரி, அஞ்சு வாரம். அதெல்லாம் ஆறிப் போச்சுடா. தலையில ஒரு முடி இல்லாம நாள் பூரா ரோட்டுல திரியறேன், எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?

– உன் வேலை வேற. உனக்குக் கண்ணும் காலும் போதும். என் கடைக்கு வர்றவங்க முதல்ல பாக்குறதே என் தலையைத்தான்.

– உன் தலைக்கு என்ன வந்துச்சு?

– ஒண்ணுமில்ல, பேச்சுக்குச் சொன்னேன். நெத்தியைக் காட்டு, கொஞ்சம் பாக்கி இருக்கு.

– இரு, இரு. கண்ணுல நுரை இறங்குது. துடைச்சு விடு.

– உள்ள போய் ஒரு துண்டு எடுத்துட்டு வந்துடறேன்.

– கழுத்துல ஒண்ணு சுத்தியிருக்கியே, அதைக் குடேன். வந்ததுலேர்ந்து பாக்குறேன், இந்தப் புழுக்கத்துல என்னடா அது?

– வேர்வைக்குப் போட்டிருக்கேன்.

– கண்ணு எரியுதுங்கறேன்.

– சரி, சரி, இந்தா. போச்சா?

– ம். போச்சு.

– அவ்வளவுதான்க்கா, முடிஞ்சுது. தடவிப் பாரு, ஒரு முள்ளு கூட இல்ல. நாளைக்குக் கையெழுத்துப் போட நீயும் கூட வர்றியா? தனியாப் போக என்னமோ மாதிரி இருக்கு.

– வரமாட்டேன். என்கிட்ட வர்றவங்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் குடுக்குறது என்ன, சொல்லு பாப்போம்.

– கண்ணாடிதான். வண்டியை எடுக்குறதுக்கு முன்ன, எதிர்ல இருக்கிற கண்ணாடியில பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கணும். வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம்.

– எனக்கு அது விடாத பழக்கமாப் போச்சு. எங்க உக்காந்தாலும் கண்ணு அதுவா போகும். நீ வேற பின்சுவர்லயும் இவ்வளவு பெரிய கண்ணாடியா மாட்டி வெச்சிருக்க.

– அக்கா...

– நுரையும் இறங்கல, கண்ணும் எரியல, உன் கழுத்துத் துண்டைக் கழட்ட வைக்கத்தான் சொன்னேன். நான் எழுந்துட்டேன், நீ உக்காரு. பிடரில பூசி வெச்சிருக்கிற பென்சிலைத் துடைச்சு விடுறேன். நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறோம், மத்தியானம் நீ வந்து ஷட்டரைத் தூக்குற.