பாதியில் நின்ற முள்

டேங்க் மாட்டினதில் ஒரு குறையும் சொல்ல முடியாது ஐயா. வேனைத் தூக்கிக் கட்டை கொடுத்து, பழைய டேங்க்கைப் பிடித்திருந்த இரும்புப் பட்டைகளை அறுத்து இறக்கி, புதுசை ஏற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வேணுமானால் உங்கள் ஆளை அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுவதை அப்புறம் எனக்கு வாசித்துக் காட்டணும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதை வைத்து ஏய்க்கக் கூடாது.

வேன் என் தம்பியுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் என் சம்சாரத்துக்கு மூச்சு முட்டியது. தெருவில் இருந்த ஒரே வண்டி அதுதான். ஓடினேன். “டீசல் இல்லைண்ணே, சுத்தமா காலி” என்றான். சாவியைத் திருப்பச் சொன்னேன். டீசல் முள் பாதியில் நின்றது. “அது பொய் சொல்லுதுண்ணே, கொஞ்ச நாளாவே அப்படித்தான்” என்றான். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான். இருமிவிட்டு நின்றது. அப்படி இரும வைக்க எனக்கும் தெரியும். அவளைத் தள்ளுவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மூன்றாவது தெரு முனையிலேயே அவள் கை தொங்கிவிட்டது.

அதற்கப்புறம் அவன் ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, டேங்க்குக்குள் விட்டு அளந்துதான் வண்டி எடுப்பான். “டாக்டர் வந்துட்டாரு, வண்டிக்குக் காய்ச்சல் பாக்க” என்று தெருவே சிரிக்கும். நான் சிரித்ததில்லை. எனக்காகப் போட்ட நாடகம் அது. பதினோரு வருஷமும் அவன் சம்சாரம்தான் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன். சோற்றின் மேல் எனக்கு என்ன கோபம்.

போன மாசம் டேங்க்கைத் துரு தின்றுவிட்டது. என் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தான். டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கும், அது ஏறி இறங்கினால்தான் முள் ஏறி இறங்கும். பழையதைக் கழற்றிப் பார்த்தேன். அதன் கம்பி துருவேறி, பாதியிலேயே இறுகிக் கிடந்தது. கையால் அசைத்தேன், அசையவில்லை. தம்பி பக்கத்தில்தான் குந்தியிருந்தான். “பாத்தியாண்ணே” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எந்த வருஷம் பிடித்தது என்று துருவில் எழுதியா இருக்கிறது? என் சம்சாரம் போனதற்கப்புறம் பிடித்திருக்கலாம்.

புது மிதவை போட்டேன். போடுவதற்கு முன்னால் அதன் கம்பியைக் கொஞ்சம் வளைத்தேன். டேங்க் காய்ந்தாலும் முள் பாதிக்குக் கீழே இறங்காது. “இனிமே முள்ளை நம்பலாமாண்ணே?” என்று கேட்டான். “நம்பு” என்றேன். குச்சியை வாங்கி முழங்காலில் வைத்து நானே ஒடித்துப் போட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

அவன் சம்சாரத்துக்கு நெஞ்சில் நோய். வலி வந்தால் அரை மணிக்குள் கொண்டுவந்துவிட வேணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். சாப்பாடு வைக்கும்போது அவளே சொன்னாள்.

வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாம் நாள் காலையில் டேங்க்கில் வண்டல்தான் மிச்சம் இருந்திருக்கும். பட்டறை வாசலில் வேன் வந்து நின்றது. பின்சீட்டில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். “வரேன் மாமா. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, போட்டுக்கங்க” என்றாள்.

“டீசல் இருக்காடா?” என்று தம்பியைக் கேட்டேன்.

“பாதி இருக்குண்ணே.”

“அப்ப கிளம்பு.”

கால் மணியில் போன் வந்தது. “அண்ணே, வழியில நின்னுடுச்சு. எவனும் வண்டிய நிறுத்த மாட்டேங்கிறான். இவ பேச மாட்டேங்கிறாண்ணே. உன்கிட்ட டீசல் இருக்குமா?”

இருபது லிட்டர் கேன் நிறைய இருந்தது. அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

“இல்லடா, சுத்தமா காலி” என்றேன்.

கேனை உங்கள் ஆட்கள் எடுத்து வந்துவிட்டார்கள், நான் தடுக்கவில்லை. கம்பியை வளைத்தது நான். இல்லை என்று சொன்னதும் நான். அவளைக் கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். முள் பொய் சொல்லுது என்று தம்பி அன்றைக்குச் சொன்னது நிஜம் என்று மட்டும் எழுதாதீர்கள். முள் பாதியில் நின்றால் டேங்க்கில் பாதி இருக்கிறது என்றுதான் அர்த்தம். நாற்பது வருஷ மெக்கானிக், எனக்குத் தெரியாதா.